காந்தல் இல்லாத கறுப்பு

1

போன வெள்ளிக்கிழமை ரூவியில் ஒரு வங்கி அதிகாரி வீட்டில் மதியச் சாப்பாடு. மஸ்கட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் இப்படி எத்தனையோ சாப்பாடு ஆகிவிட்டது. எல்லா வீட்டிலும் அதே கண்ணாடி அலமாரி, அதே மூன்றடுக்கு டேப் ரிக்கார்டர். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகவேண்டிய சாமான்களைப் பற்றி அதே பேச்சு. இந்த வீட்டுக்காரரிடம் கூடுதலாக ஒன்று இருந்தது: மது வாங்குவதற்கான பெர்மிட். அதை அவர் பட்டமளிப்புச் சான்றிதழ் மாதிரி எடுத்துக் காட்டினார்.

சாப்பாட்டுக்கு முன்னால் கறுப்பாக ஒன்றை ஊற்றினார். "இது ஸ்டவுட். பியர்னு சொல்லிடாதீங்க" என்று என் கணவரிடம் சொன்னார். பிறகு, அந்தக் கருகின வாசனைதான் இதற்கு அழகே என்று பத்து நிமிஷம் விளக்கினார். பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் போகவில்லை. டம்ளரை வாங்கி மோந்து பார்த்தேன்.

"காந்திப் போயிருக்கு. வறுக்கத் தெரியாதவங்க வறுத்தது" என்றேன்.

"மேடத்துக்கு இதெல்லாம் பழக்கமா?" என்று வங்கிக்காரர் சிரித்தார். என் கணவர் சேகரன் என் காலை மிதித்தார்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தார். "வசந்தா, அந்தப் பேச்சே இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணோம்ல?"

"நீங்க முடிவு பண்ணீங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. என் பெயரும்தான்.

2

மஸ்கட்டுக்கு முன்னால் நாங்கள் சவூதியில், அல் கோபாரில் நான்கு வருஷம் இருந்தோம். சேகரன் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஸ்ட்ருமெண்ட் என்ஜினீயர். நான் வேதியியலில் எம்.எஸ்ஸி., மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆறு வருஷம் பாடம் நடத்தியவள். அங்கே போய் இறங்கியதும் இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை கொடுத்தார்கள். அதில் நான் கணவரின் பெயருக்குக் கீழே வரும் ஒரு வரி. தொழில்: வீட்டுப் பெண். அந்த அட்டைக்காக மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். படித்திருக்கிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் பயனில்லை, நான் வேலைக்குப் போகக் கூடாது.

வேலை இல்லாத வேதியியல்காரி காபிக்கொட்டை வறுத்தாள். கோபார் கடைத்தெருவில் ஏமனிலிருந்து வரும் பச்சைக் கொட்டை நன்றாகக் கிடைக்கும். அரபிகள் அதை லேசாக வறுத்து ஏலக்காய் போட்டுக் குடிப்பார்கள். நான் இரும்புச் சட்டியில் நம் ஊர்ப் பக்குவத்துக்கு வறுப்பேன். எவ்வளவு தீ, எத்தனை நிமிஷம், என்ன நிறம் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். மற்ற தமிழ்ப் பெண்கள் அதைப் பைத்தியம் என்றார்கள். அவர்கள் அந்த நேரத்தில் வாசனைத் திரவியங்களின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் சேகரனின் மேலதிகாரி ஹார்ப்பர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலேயன். சேகரன் அவனைச் 'சார்' என்பார். நான் இதில் 'அவன்' என்றே எழுதப்போகிறேன். காரணம் போகப்போகத் தெரியும். ரசத்தைத் தொடாமல் நகர்த்தி வைத்தவன், காபியை மூன்று முறை வாங்கிக் குடித்தான். கருகல் வாசனை கொஞ்சமும் இல்லாமல் இவ்வளவு கறுப்பாக எப்படி வறுக்கிறாய் என்று கேட்டான். அங்கே போனதிலிருந்து ஒரு ஆள் என்னிடம் கேட்ட முதல் அறிவுள்ள கேள்வி அது. அதனால்தான் ஏமாந்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் சேகரன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பார்லி. ஆட்டுக்குத் தீனியாகப் போடுவது.

"சார் கேட்டிருக்கார். காபி மாதிரி வறுத்துத் தரணுமாம்."

"எதுக்கு?"

"ஏதோ ஹெல்த் டிரிங்க்."

"ஏங்க, நான் கெமிஸ்ட்ரி படிச்சவ."

அவர் சட்டையைக் கழற்றியபடியே முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வீட்டுலயே பீர் பண்றார். காம்பவுண்டுல பாதிப் பேர் பண்றாங்க, யாரும் கண்டுக்கறதில்ல. இன்னும் ஆறு மாசத்துல என் காண்ட்ராக்ட் ரினியூவல் அவர் கையிலதான் இருக்கு. வேற என்ன சொல்லணும்?"

வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் மது தயாரித்தால் சிறை. தயாரிக்கிறவன் வெள்ளைக்காரனாகவும், அவர்களுக்கென்று கட்டிய காம்பவுண்டுச் சுவருக்குள்ளேயும் இருந்தால் அது பொழுதுபோக்கு. இந்த இலக்கணத்தைப் படித்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. மூட்டையை அடுக்களைக்குள் இழுத்துப் போட்டேன்.

3

ஹார்ப்பரிடம் டின்னில் அடைத்த மால்ட் பாகு இருந்தது. கசப்புக்கான ஹாப்ஸ் பூவை, விடுமுறைக்குப் போனவர்கள் டீ பாக்கெட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஸ்டவுட்டுக்குக் கறுப்பும் வறுத்த மணமும் கொடுப்பது பார்லிதான். அதை அவன் அடுப்பை முழுச் சூட்டில் வைத்து வறுத்துவந்தான். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. அதைப் பொடித்துக் கொதிக்கவும் வைத்தான். பிறகு குடித்துவிட்டுத் தண்ணீரைக் குறை சொன்னான்.

அவன் வீட்டிலிருந்து எங்கள் பிளாட்டுக்குச் சாமான் கொண்டுவந்து போனவர் ராமையா. இலங்கை மலையகத்துத் தமிழர், ஹட்டன் பக்கம். ஹார்ப்பர் வீட்டில் சமையல், துடைப்பு, கார் ஓட்டுவது எல்லாம் அவர்தான். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அந்த நாட்களில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அடுக்களைப் பின்கதவுக்கு வெளியே நிற்க வைத்தே பேசினேன். டீ கொடுத்தது தனி டம்ளரில். வங்கிக்காரரைப் பார்த்து இகழ்ச்சியாகச் சிரிக்கிறவள் இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதல் தடவை வறுத்த பார்லியைப் பையில் போட்டுக் கொடுத்தேன். ராமையா பையைத் திறந்து மோந்து பார்த்தார்.

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. இது காந்திருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கென்ன தெரியும்?"

"நான் ஸ்டோருல இருபத்திரண்டு வருசம் வேலை செஞ்சவன்மா. டிரையர்ல." தேயிலைத் தொழிற்சாலையை அவர்கள் ஸ்டோர் என்பார்கள். "தேயிலய சூட்டுல இருந்து எறக்குனதும் பரப்பிரணும். குமிச்சு வச்சா வெளிய ஆறிரும், உள்ளுக்குள்ள வெந்துகிட்டே இருக்கும். நீங்க பதமாத்தான் எறக்கி இருக்கீங்க. சட்டியிலயே விட்டுட்டீங்க."

அவர் சொன்னது சரி. சட்டியின் சூடு மேலும் மூன்று நிமிஷம் வறுத்திருக்கிறது. எம்.எஸ்ஸி.க்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு, தூளச் சலிச்சு எடுத்துருங்கம்மா. டஸ்ட்டுதான் கசப்பு. பெரிய எலைக்கு இல்லாத கசப்பு தூளுக்கு இருக்கும்."

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். 'வேலை' என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். சின்னத் தீ. நாற்பது நிமிஷம் கை ஓயாமல் கிண்டல். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு மணியைக் கடித்து இரண்டாக்கிப் பார்ப்பது. உள்ளே காபிப்பொடி நிறம் வருவதற்குச் சற்று முன்னாலேயே இறக்கி, ஏர் கண்டிஷனருக்குக் கீழே அகலத் தட்டில் பரப்புவது. மூன்று நாள் மூடாமல் ஆறவிட்டு, ஒன்றிரண்டாக உடைத்து, தூளைச் சலித்துக் கொட்டுவது. கொதிக்க வைக்கக் கூடாது என்பது என் பங்கு. பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு வடிகட்டினால் நிறமும் மணமும் இறங்கும், சாம்பல் கசப்பு சக்கையிலேயே தங்கிவிடும். அந்தக் கறுப்புத் தண்ணீரை மால்ட் பாகு கொதித்து முடிந்த பிறகு கடைசியில் சேர்த்தால் போதும்.

அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் இருக்க, பார்லி வறுக்கும் அன்றே காபியும் வறுப்பேன். எதிர் வீட்டு அம்மாள், "உங்க வீட்டுல தினம் கல்யாணமா?" என்று கேட்டாள்.

ஹார்ப்பர் ஒவ்வொரு தடவையும் பார்லியோடு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவான். 'மூன்றாம் தடவை ஸ்டவுட்டிலும் இன்னும் ஆஷ்ட்ரே வாடை அடிக்கிறது, நேரத்தைக் குறை.' இந்த ரீதியில், தன் கையெழுத்தில், கீழே தன் பெயரின் முதலெழுத்துகளோடு. வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுகிற தோரணை. அவற்றை என் நோட்டில் குத்தி வைத்தேன். ருசி பார்த்து எனக்கு உண்மையைச் சொன்னவர் ராமையாதான். நான் குடித்ததில்லை. என் மூக்கு, அவர் நாக்கு.

என் மகள் ரம்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. "இட்ஸ் ஜஸ்ட் பர்ன்ட், அம்மா" என்பாள், தோசைக்கும் பார்லிக்கும் எல்லாவற்றுக்கும். காந்தல், தீய்ச்சல், கருகல், முறுகல், சிவக்க வறுத்தது என்று நாங்கள் பிரித்துப் பிரித்துப் பேசியதெல்லாம் அவளுக்கு ஒரே சொல். ஹார்ப்பருக்கும் அந்த ஒரே சொல்தான். அவனை மன்னிக்கலாம், அவன் பெற்ற மொழி அது. என் பெண்ணுக்கு அதைக் கட்டணம் கட்டிச் சொல்லிக்கொடுத்தோம்.

ஒருமுறை மூட்டை தீர்ந்து நானே கடைக்குப் போனேன். பார்லிக்கு அரபியில் 'ஷயீர்'. நான் 'ஷஅர்' என்று சொல்லியிருக்கிறேன். அது தலைமுடி. கடைக்காரன் என் முக்காட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு புட்டி மயிர்த்தைலத்தை எடுத்து வைத்தான். கூட வந்திருந்த சேகரன் சிரிக்கக்கூட இல்லை. "யாராவது பாத்துடப் போறாங்க" என்றார்.

4

நான்காம் தடவை சரியாக வந்தது. ராமையா பின்கதவில் நின்று சொன்னார். "நாக்குல வழுக்கிக்கிட்டுப் போவுதும்மா. வறுத்த மணம் தொண்டையில நிக்குது. காந்தல் லேசா, ரொம்ப லேசா. தொரைக்கு அது தெரியல. துள்ளிக்கிட்டு இருக்காரு."

துரை துள்ளினான். காம்பவுண்டு முழுக்க ஊற்றிக் கொடுத்தான். அவன் பாட்டனாரின் வழியாம், குடும்ப ரகசியமாம். அந்த விருந்துக்கு என் கணவர் போயிருந்தார். அங்கே நின்று அந்தப் பாட்டனாருக்காகக் கை தட்டிவிட்டு வந்தார். ரினியூவல் ஆனது. வெள்ளிக்கிழமை பஜனையில் முன்வரிசையில் உட்காரும் ஒருவர் சேகரனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஹார்ப்பர் சார்கிட்ட சொல்லி நமக்கும் ஒரு பாட்டில்..." என்று இழுத்தார். இந்தக் கூட்டத்தைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கை மட்டும் சுத்தம் என்று நினைப்பு.

ஐந்தாம் தடவை இரண்டு பேரும் இன்னும் ஒரு நிமிஷம் முன்னதாக இறக்கினோம். புட்டியில் அடைத்து மூன்று வாரம் ஆறவேண்டும். அது முடிந்த அன்றே, திறந்துகூடப் பார்க்காமல், தம்மாம் பக்கம் வேறொரு காம்பவுண்டில் இருக்கும் தன் நண்பர்களுக்கு இரண்டு பெட்டி அனுப்பினான் ஹார்ப்பர். பெருமை சுவருக்குள் அடங்கவில்லை. தான் போகவில்லை. ராமையாவிடம் கார்ச் சாவியைக் கொடுத்தான்.

வழியில் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் சேகரன் சாப்பாட்டுக்கு வந்ததும் கை கழுவாமலே சொன்னார். "ராமையாவ உள்ள வச்சுட்டாங்க. சார் நாளைக்குக் காலைல லண்டன் பிளைட். உடம்பு சரியில்லன்னு கம்பெனியே அனுப்புது."

"ராமையாவுக்கு?"

"சார் எழுதிக் கொடுத்திருக்கார். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற ரூம்ல வேலைக்காரன் தனக்குத் தெரியாம காய்ச்சி வித்திருக்கான்னு."

சாம்பாரைக் கரண்டியோடு வைத்துவிட்டு நின்றேன். காய்ச்சி விற்றவன் என்றால் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும், கசையடியும் உண்டு. சும்மா எடுத்துப் போனவன் என்றால் சில மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இது சேகரனுக்கும் தெரியும்.

"என்னை ஹார்ப்பர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"உனக்குப் பைத்தியமா? ராமையா வாயத் திறந்தா அடுத்தது நாமதான். அவன் திறக்கல. அதுவரைக்கும் கடவுள் புண்ணியம்."

"அவர் திறக்கல. அதுக்குக் கடவுள் என்ன பண்ணார்?"

நான் ராமையாவை முதன்முறையாக 'அவர்' என்றேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. சேகரன் கூட்டிப் போகவில்லை. ஹார்ப்பர் மறுநாள் விமானம் ஏறினான். கம்பெனி ஆட்கள் விமான நிலையம்வரை போய் வழியனுப்பினார்கள். என் கணவரும் போனார்.

5

கம்பெனியில் அரசாங்க அலுவலகங்களுக்குப் போய்வரும் உள்ளூர்க்காரர் ஒருவர் உண்டு. அந்த வேலைக்கு மந்தூப் என்று பெயர். எங்கள் மந்தூபை அபு ஃபஹத் என்பார்கள். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் அவர் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கும். எப்போது போனாலும் 'புக்ரா', நாளைக்கு வா என்பார். பல் குத்திக்கொண்டே சொல்வார். தமிழ் வீடுகளில் அவரை நடித்துக் காட்டிச் சிரிப்போம். நான் நன்றாகவே நடிப்பேன்.

ஹார்ப்பர் போய் ஒரு வாரம் கழித்து, சேகரனிடம் நோட்டைக் காட்டினேன். அதில் குத்தியிருந்த சீட்டுகளையும் காட்டினேன். "இது அபு ஃபஹத் கையில போகணும். நீங்க வர்றீங்களா, நான் டாக்ஸி பிடிக்கவா?"

"அதுல உன் கையெழுத்தும் இருக்கு வசந்தா. நம்ம ரெண்டு பேரையும் உள்ள வப்பாங்க. ரம்யாவ யாரு பாப்பா?"

அது பயந்தாங்கொள்ளியின் கேள்வி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான் முக்காட்டை எடுத்துக் கட்டினேன். வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், கடைசியில் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

அபு ஃபஹத் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தமிழ் எழுத்து, எண்கள், நடுநடுவே ஹார்ப்பரின் ஆங்கிலச் சீட்டுகள்.

"யே கிஸ்கா ரைட்டிங் ஹை?" என்று சீட்டைத் தொட்டு, யாருடைய கையெழுத்து என்று இந்தியில் கேட்டார்.

"மிஸ்டர் ஹார்ப்பர்" என்றார் சேகரன்.

அபு ஃபஹத் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சீட்டாகக் குண்டூசியோடு பிடுங்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டார். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் சொன்னார். "இது சமையல் நோட்டு. எனக்கு எதுக்கு? வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, மேடம். அடுப்புல போடு."

நாங்கள் எழுந்தோம். அவர் மேலும் ஒன்று சொன்னார். "அந்த இங்கிலீஷ்காரன் போயாச்சு. இனிமே குத்தத்த அவன் மேல போட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல. ராமையா எனக்கு டீ போட்டுக் கொடுப்பான். நல்ல டீ. கலாஸ், முடிஞ்சது, போங்க."

நோட்டை வீட்டுக்கு வந்ததும் எரித்தேன். மூன்று நாள் அபு ஃபஹத்தை நினைத்து நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அவருக்குப் பல் சொத்தை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

6

மூன்று மாதம் கழித்து ராமையாவை ஊருக்கு அனுப்பினார்கள். எடுத்துப் போன குற்றம் மட்டும்தான் நின்றது. அதே மாதம் எங்கள் காண்ட்ராக்டும் முடிந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதில் காரணம் எதுவும் எழுதவில்லை. சேகரன் என்னைத் திட்டவில்லை. மஸ்கட்டில் வேலை தேட ஆரம்பித்தார்.

ராமையாவின் பெட்டி கம்பெனி ஸ்டோர் ரூமில் கிடந்தது. அபு ஃபஹத் ஆள் அனுப்பி எங்களிடம் சொன்னார், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று. நாடு கடத்துகிறவர்களை வைத்திருக்கும் கட்டடத்துக்கு வெளியே ஒரு காலை நேரத்தில் போய் நின்றோம். சேகரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

வேனில் ஏற்றுவதற்காகப் பத்துப் பன்னிரண்டு பேரை வரிசையாகக் கூட்டிவந்தார்கள். ராமையாவை முதலில் அடையாளம் தெரியவில்லை. தலையை மொட்டை அடித்திருந்தார்கள். சட்டை தோளில் தொங்கியது. எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்த அபு ஃபஹத் காவலாளியிடம் ஏதோ சொன்னார். காவலாளி இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நிமிஷம்.

நான் ஒரு வாரமாகப் பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். அவர் எதிரில் வந்ததும் வேறு எதையோ கேட்டேன்.

"ராமையா, உங்களை அடிச்சாங்களா?"

அவர் 'உங்களை' என்பதைக் கவனித்தாரா என்று தெரியாது. "அத வுடுங்கம்மா. பாப்பா நல்லா இருக்கா?"

"இருக்கா. நீங்க எங்க பேரைச் சொல்லவே இல்லையே."

"சொல்லி என்னம்மா ஆவப் போவுது?" என்றார். பிறகு முகத்தில் வேறொரு களை வந்தது. வறுத்த பையைத் திறந்து மோந்து பார்க்கும்போது வருகிற அதே களை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, அஞ்சாவது நாம யாருமே குடிக்கல இல்லியா. ஸ்டேஷன்ல என் முன்னாலயே எல்லாப் பாட்டிலையும் தொறந்து சாக்கடையில ஊத்துனாங்க. ரெண்டு பெட்டியும். நான் பக்கத்துலதான் குந்தி இருந்தேன்."

"ம்."

"கொஞ்சங்கூட காந்தல் இல்லம்மா."

காவலாளி கையைத் தட்டி 'யல்லா' என்றான். ராமையா பெட்டியை வாங்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினார்.